பூட்டிய கார்டுகளும் நூவோ பராமரிப்பும்: செயற்குழுவின் நிலைப்பாடு

என்விடியா நிறுவனம் தன் மூடிய வரைகலை இயக்கியின் 580-ஆம் கிளையோடு மாக்ஸ்வெல், பாஸ்கல், வோல்ட்டா ஆகிய மூன்று தலைமுறைக் கார்டுகளுக்கான ஆதரவை முடித்துக்கொள்வதாக 2025-இல் அறிவித்தது முதற்கொண்டு நம் சங்க உறுப்பினர்களிடையே எழுந்திருக்கும் விவாதத்தைச் செயற்குழு சிரத்தையுடன் கவனித்து வந்திருக்கிறது. இனி இக்கார்டுகளுக்கான கட்டற்ற இயக்கியாகிய நூவோவையே நம்பியிருக்கலாமா என்று ஒரு சாராரும், நூவோவுக்காக இனியும் காலத்தைச் செலவிடுவது வீண் பிரயாசை, சங்கம் புதிய கார்டுகளை மட்டுமே சிபாரிசு செய்யட்டும் என்று மற்றொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். மூன்று கூட்டங்களில் இவ்விஷயம் ஆலோசிக்கப்பட்டது. எல்லா அம்சங்களிலும் ஒருமித்த அபிப்பிராயம் ஏற்படவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஏற்பட்ட அளவிலேனும் அதைப் பகிரங்கமாகச் சொல்லிவிடுவது கடமை என்று கருதியே இவ்வறிக்கையை வெளியிடுகிறோம்.

நூவோவின் பூர்வ சரித்திரத்தை உறுப்பினர்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆவணம் என்று ஒரு தாளும் கையில் இல்லாத நிலையில், மூடிய இயக்கி கார்டின் ரெஜிஸ்டர்களில் என்னென்ன எழுதுகிறது, எதை எந்த வரிசையில் படிக்கிறது என்பதையெல்லாம் பதிவு செய்து, ஒரு எண்ணை மாற்றினால் திரையில் என்ன மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து, 2006 வாக்கில் ஒரு சிலர் தொடங்கிய முயற்சி, 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றது. அதற்கு அடுத்த மாதமே, அதுவரை தான் கொடுத்து வந்த, இருபரிமாணத்துக்கு மேல் எதுவும் அறியாத, 'என்வி' என்ற சிறு இயக்கியைப் புதிய கார்டுகளுக்கு விரிவாக்கப் போவதில்லை என்று நிறுவனம் தெரிவித்துவிட்டதும் நினைவிருக்கும். 2007-இல் ஏஎம்டி தன் கார்டுகளின் ஆவணங்களை வெளியிட முன்வந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களுக்கு, இரண்டு பாதைகளும் எங்கே பிரிந்தன என்பது விளங்கும். 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைப் பற்றிச் சொன்ன கடுஞ்சொல்லை இங்கே எடுத்தெழுத வேண்டாம் என்று குழு முடிவு செய்தது. அவருடைய கோபத்தில் நியாயம் இல்லை என்று குழுவில் ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே பதிவு செய்கிறோம்.

விவாதத்தின் உயிர்நிலை 2014-ஆம் வருஷத்தில் இருக்கிறது. அவ்வருஷம் பிப்ரவரியில் ஜிடிஎக்ஸ் 750 என்ற கார்டு வந்தது. மாக்ஸ்வெல்லின் முதல் வடிவம் அது. செப்டம்பரில் 970, 980 என்ற கார்டுகள் வந்தன. மாக்ஸ்வெல்லின் இரண்டாம் வடிவம் அவை. பெயர் ஒன்று, இடைவெளி ஏழு மாதம். முன்னதில், நூவோவைக் கொண்டு கார்டின் வேகத்தை நாமே கையால் ஏற்றிக்கொள்ள முடிகிறது. பின்னதில் முடியாது. கார்டினுள் இருக்கும் ஃபால்கன் என்னும் சிறு செயலிகளில் ஓடும் ஃபர்ம்வேரில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தாலொழிய, மின்னழுத்தத்தையும் காற்றாடியையும் ஆளும் ரெஜிஸ்டர்களில் ஒரு எண்ணைக்கூட எழுத அந்தக் கார்டு அனுமதிப்பதில்லை. கையொப்பமிட்ட ஃபர்ம்வேரில் ஒரு பகுதி 2016-இல் வெளியிடப்பட்டது. முப்பரிமாணக் காட்சி ஓடத் தொடங்கியது. ஆனால் வேகத்தையும் மின்சாரத்தையும் நிர்வகிக்கும் பிஎம்யூ என்ற பகுதிக்கான ஃபர்ம்வேர் இந்த மேசைக்கணினிக் கார்டுகளுக்கு வரவேயில்லை. இதன் விளைவாக, விலைகொடுத்து வாங்கிய கார்டு, கணினியை இயக்கும் வேளையில் எந்தத் தாழ்ந்த வேகத்தில் விழித்ததோ அந்த வேகத்திலேயே, அதன் ஆயுள் முழுவதும் தவழ்ந்துகொண்டிருக்கிறது. மூடிய இயக்கி இருந்தவரை இக்குறை மறைந்திருந்தது. இப்போது மூடிய இயக்கியும் விடைபெறுகிறது.

இதில் செயற்குழுவுக்கு வேகத்தைக் காட்டிலும் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. விளையாட்டு மெதுவாக ஓடுகிறது என்பதற்காக ஒரு சங்கம் அறிக்கை விடவேண்டிய அவசியமில்லை. எங்களை வருத்துவது பிழை திருத்துகிறவரின் நிலை.

திரை இருண்டுபோன கணினியில் பிழை தேடுவது எத்தகைய காரியம் என்பதை, அதைச் செய்தவர்களே அறிவார்கள். பிழையைக் காட்டவேண்டிய திரையே பிழையில் அகப்பட்டுக் கிடக்கிறது. வேறொரு கணினியிலிருந்து வலைவழியே உள்ளே நுழைந்து, கெர்னலின் பதிவைப் படித்து, அதன் வரைகலைப் பகுதியான டிஆர்எம்மின் டீபக் விருப்பங்களைத் திறந்துவிட்டு, மானிட்டர் அனுப்பிய 128 பைட்டு அடையாளத் துணுக்கு முழுமையாக வந்ததா, டிஸ்ப்ளே போர்ட் இணைப்பு எந்தப் படியில் முறிந்தது, பக்கம் புரட்டும் சமிக்ஞை வந்து சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகவேண்டும். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று கெட்டது என்றால் பைசெக்ட் செய்யவேண்டும்: இரண்டு வெளியீடுகளுக்கு இடையே பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தால், பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போக ஏறக்குறைய பதினான்கு தடவை கெர்னலைத் தொகுத்து, பதினான்கு தடவை கணினியை மறுபடி இயக்கிப் பார்க்கவேண்டும். எப்போதோ ஒரு முறை மட்டும் தலைகாட்டும் பிழையானால், ஒவ்வொரு படியிலும் 'இது நல்லது' என்று சொல்வதற்கே ஒரு முழு நாள் காத்திருக்க நேரும். நம் உறுப்பினர் ஒருவர் இப்படித் தொடர்ந்து நான்கு இரவுகள் உட்கார்ந்து, மடிக்கணினி தூங்கி விழிக்கும்போது திரை திரும்பாத ஒரு பிழையின் மூலத்தை ஒரே ஒரு வரியில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வரி திருத்தப்பட்டது. அதனால் பயனடைந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது; தெரியவேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை.

இந்தப் பிரயாசை அத்தனைக்கும் ஆதாரமான நம்பிக்கை ஒன்றுதான்: எவ்வளவு ஆழத்தில் ஒளிந்திருந்தாலும் பிழை படிக்கத்தக்க ஓரிடத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை. கையொப்பமிட்டுப் பூட்டிய ஃபர்ம்வேர் அந்த நம்பிக்கையின் வேரையே அறுக்கிறது. தேடிக்கொண்டே போனவர், இன்ன கட்டளையை அனுப்பினோம், விடை வரவில்லை, காலம் கடந்துவிட்டது என்ற ஒரு வரியில் வந்து நிற்கிறார். அதற்கப்பால் அவர் போக முடியாது. காரணம் இன்னதாக இருக்கலாம் என்று அவர் சரியாகவே ஊகித்தாலும், ஊகத்தைச் சோதிப்பதற்காக ஒரு பைட்டை மாற்றினால் கார்டு அதை ஏற்க மறுக்கிறது. இத்தனைக்கும் பிழை அறிக்கை அவர் பெயருக்கே வருகிறது. வசை அவர் தலையிலேயே விழுகிறது. பொறுப்பை ஒருவரிடம் கொடுத்து, அதிகாரத்தை வேறொருவர் வைத்துக்கொள்வதை எந்த நிர்வாக சாஸ்திரமும் நியாயம் என்று சொன்னதில்லை. இதை அநீதி என்று அழைப்பதா, அசௌகரியம் என்று அழைப்பதா என்பதில் குழுவில் நெடுநேரம் விவாதம் நடந்தது. 'அசௌகரியம்' என்று எழுதச் சொன்னவர்கள் சிறுபான்மையினர். அநீதி என்றே எழுதுகிறோம்.

கையொப்பம் பயனரின் பாதுகாப்புக்காகவே என்ற வாதத்தை நாங்கள் அறியாமலில்லை. தவறான மின்னழுத்தம் கார்டை எரித்துவிடக்கூடும், காற்றாடி நின்றுபோனால் சூடேறும், அதுவும் மெய்தான். ஆனால் நாங்கள் கேட்பது நிறுவனத்தின் ரகசியச் சாவியை அன்று. இயல்பான வேக நிலைகளுக்கிடையே மாறுவதற்கும், காற்றாடியைத் தக்கபடி சுழற்றுவதற்கும் போதுமான ஒரு சிறு பிஎம்யூ ஃபர்ம்வேரை, நிறுவனமே எழுதி, நிறுவனமே கையொப்பமிட்டு, மறுவிநியோகத்துக்கு இடந்தரும் உரிமத்தோடு வெளியிடட்டும் என்றுதான் கேட்கிறோம். காற்றாடியை ஆள விடாமல் பூட்டிவிட்டு, வெப்பத்தைக் காட்டி எச்சரிப்பதைப் பாதுகாப்பு என்று எப்படி ஏற்பது? மூடிய இயக்கியின் புதிய கிளைகளில் இக்கார்டுகளுக்கு இடமில்லை என்று நிறுவனமே தீர்மானித்தபின், அவற்றைப் பூட்டி வைத்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்? ஓடக்கூடிய கார்டுகள் குப்பைக்குப் போகின்றன, அவ்வளவே.

டூரிங் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் குறித்துச் செயற்குழு சற்று வேறுபட்ட, எச்சரிக்கையோடு கூடிய நிலையை மேற்கொள்கிறது. அக்கார்டுகளில் ஜிஎஸ்பி என்ற தனிச் செயலி ஒன்றே பெரும்பான்மையான நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 மே மாதத்தில் நிறுவனம் தன் கெர்னல் பகுதியின் மூலநிரலைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டதும், 2024 ஜனவரியில் வந்த 6.7 கெர்னலில் நூவோ அந்த ஜிஎஸ்பி ஃபர்ம்வேரைப் பயன்படுத்தத் தொடங்கியதும் உண்மையான முன்னேற்றங்கள் என்பதைக் கூடியவரை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறோம். வேகம் ஏறுகிறது, காற்றாடி சுழல்கிறது. ஆயினும் முன்பு இயக்கியில் இருந்த அறிவில் பெரும்பகுதி பல பத்து மெகாபைட் அளவுள்ள மூடிய ஃபர்ம்வேருக்குள் குடிபெயர்ந்துவிட்டது என்பதையும், அதனோடு பேசும் முறை வெளியீட்டுக்கு வெளியீடு மாறுகிறது என்பதையும், உள்ளே நடப்பதைப் பற்றி அது எழுதிக்கொள்ளும் குறிப்புகள் நாம் படிக்கத்தக்க சொற்களில் வெளிவருவதில்லை என்பதையும் பார்க்கும்போது, கதவு திறந்துவிட்டது என்று கொண்டாட எங்களால் முடியவில்லை. இக்கார்டுகளை உறுப்பினர்கள் வாங்குவதைச் சங்கம், தற்போதைய சூழ்நிலையில், ஆட்சேபிக்கவில்லை. சிபாரிசு செய்யவும் இல்லை. இந்த வாக்கியம் சமரசத்தில் பிறந்தது என்பதை வாசிப்பவர்கள் உணர்வார்கள்.

ஜிஎஸ்பி உள்ள கார்டுகளுக்கென்று ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டுவரும் நோவா இயக்கியை வரவேற்கிறோம். ஆனால் பழைய கார்டுகளுக்கு அதில் இடமில்லை என்பதை நினைவூட்டுகிறோம். எந்த மொழியில் இயக்கி எழுதப்படவேண்டும் என்ற தர்க்கத்தில் சங்கத்துக்கு அபிப்பிராயம் ஏதுமில்லை.

நம் உறுப்பினர்களைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் நிறுவனத்தை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. 2023 செப்டம்பரில், நெடுங்காலம் நூவோவைப் பராமரித்துவந்த பென் ஸ்கெக்ஸ் அப்பொறுப்பிலிருந்து விலகினார். இவ்வளவு பெரிய இயக்கியை விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் சுமக்கிறார்கள் என்பது அன்றே எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். அதற்குப் பின்னும், 'என் திரை இருண்டுவிட்டது, உடனே சரிசெய்' என்ற தோரணையில், கெர்னல் எண்கூட இல்லாமல், சிலர் அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் பதில் வராததற்காக ஒரு பராமரிப்பாளரை உறுப்பினர் ஒருவர் ஏசி எழுதியதைக் குழு பார்த்தது. வெட்கப்படுகிறோம். நம் கோபம் பூட்டியவர்மேல் செல்லவேண்டியது. பூட்டுக்கு வெளியே நம்மோடு நின்று தட்டிக்கொண்டிருப்பவர்மேல் அன்று. இனி அவ்வாறு எழுதுகிறவர்களிடம் சங்கம் விளக்கம் கேட்கும். தேவைப்பட்டால் அதற்கு மேலும் செல்லும்.

ஆகவே, நூவோவுக்கு அளித்துவரும் உழைப்பைக் கைவிடவேண்டும் என்ற பிரேரணையைச் செயற்குழு ஏற்கவில்லை. பூட்டிய கார்டுகளுக்கு வேகம் கிடைக்காவிட்டாலும், திரை தெளிவாக எரியவும், தூங்கிய கணினி விழிக்கவும், இரண்டாவது மானிட்டரை இணைத்தால் அது அடையாளம் காணப்படவும் நூவோ வேண்டியிருக்கிறது. எழுதவும் படிக்கவும் கணக்கு வைக்கவும் அந்த வேகம் போதுமானவர்கள் நம்மில் பலர். பிஎம்யூ ஃபர்ம்வேருக்கான வேண்டுகோள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அனுப்பப்படும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கப்படும்.

சங்க அலுவலகத்தில் உள்ள பரிசோதனைக் கணினியில் ஒரு 750-ஐயும் ஒரு 970-ஐயும் மாறி மாறிப் பொருத்தி, ஒவ்வொரு கெர்னல் சுற்றிலும் முதல் ஆர்சி என்னும் சோதனை வெளியீடு வந்த வாரத்திலேயே திரை, உறக்கம், இரண்டாம் மானிட்டர் ஆகிய மூன்றையும் சோதித்து, கெட்டது எதுவோ அதை பைசெக்ட் செய்து, குற்றவாளியான மாற்றத்தைப் பெயரோடு சுட்டிக்காட்டிய பிறகே பராமரிப்பாளருக்கு எழுதுவது என்று தீர்மானித்திருக்கிறோம். பாஸ்கல் கார்டு ஒன்றும் தேவைப்படுகிறது. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் உறுப்பினர், காற்றாடி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து, செயலாளரிடம் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.