சுமையும் துவிச்சக்கரவண்டியும்: ஒரு சமுதாய நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் துவிச்சக்கரவண்டியைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. மலர்களிலும் நினைவுக் கட்டுரைகளிலும் அது பெறும் இடம் பெரிது. ஆயின், அவற்றிற் போற்றப்படுவது வெறும் வண்டியே அன்றிச் சுமை ஏற்றிய வண்டியன்று என்பது கவனிக்கற்பாலது. பள்ளிக்குச் சென்ற சைக்கிள், தோழரோடு சுற்றிய சைக்கிள், தந்தையார் பேணிய றலிச் சைக்கிள் என்பன எழுத்தாகின்றன. மீன்பெட்டி கட்டிய சைக்கிளும், கள்ளுக்கலன் தொங்கிய சைக்கிளும், விறகு அடுக்கிய சைக்கிளும் அவ்வாறு எழுத்தாவதில்லை. இது தற்செயலான மறதியன்று. சுமையை இழிவெனக் கருதும் மனப்பாங்கின் வெளிப்பாடே இது. அம்மனப்பாங்கே இன்று குடாநாட்டுக் குடும்பங்களின் வருவாயில் ஒரு பகுதியை எரிபொருளாகவும் தவணைப் பணமாகவும் கரைத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம் முதலிய பல பண்டங்கள் அரசின் பொருளாதாரத் தடைக்கு உள்ளாயின. மோட்டார் வண்டிகளிற் சில மண்ணெண்ணெயில் ஓடின. பல கொட்டில்களிற் கிடந்தன. ஆனையிறவுப் பாதையும் பின்னர் பூநகரிப் பாதையும் அடைபட்டபோது மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தனர். சைக்கிளும் அவர்களோடு படகேறிற்று. அரிசி மூடை, விறகுக் கட்டு, மண்ணெண்ணெய்க் கலன், நடக்க இயலாத நோயாளி ஆகிய அனைத்தையும் அது சுமந்தது. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வீடுகளும் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கிப் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, பலருக்கு எஞ்சிய உடைமை சைக்கிளிற் கட்டக்கூடிய அளவாகவே இருந்தது.

இவ்வனுபவத்தை வீரகாவியமாக்குவது ஒரு பிழை. மறந்துவிடுவது மற்றொரு பிழை. வேறு வழியில்லாதபோது சுமந்தது தெரிவு ஆகாது, அது நிர்ப்பந்தம். தடைக்காலத்தைச் சிக்கன வாழ்வின் பொற்காலமாகச் சித்திரிப்போர் மருந்தின்றி மாண்டவர்களை மறந்து பேசுகின்றனர். எனினும், நிர்ப்பந்தத்தின்கீழ்க் கற்ற கலையும் கலையே. எவ்வளவு பாரத்தை, எங்கே, எவ்வாறு கட்டினால் வண்டி சாயாது என்பதை ஒரு தலைமுறை முழுவதும் அறிந்திருந்தது. போர் 2009இல் முடிவுற்றபின், துன்பத்தோடு சேர்த்து அவ்வறிவும் தூக்கியெறியப்பட்டது. சுமை ஏற்றிய சைக்கிள் வறுமையின் சின்னமாகவும், வெறுங்கையுடன் ஏறும் மோட்டார் சைக்கிள் விடுதலையின் சின்னமாகவும் கொள்ளப்பட்டன. ஏ9 பாதை வழியே பண்டங்கள் மட்டுமன்றித் தவணைக் கடன் வழங்கும் நிறுவனங்களும் வந்தன. மாதச் சம்பளம் இல்லாத குடும்பங்களும் மாதத் தவணைக்குக் கையொப்பமிட்டன.

இம்மாற்றம் முழுவதும் தவறு என்று கூறுவார் இலர். பருத்தித்துறையிலிருந்து நாள்தோறும் 30 கிலோமீற்றருக்கு மேல் யாழ்ப்பாண நகருக்கு வந்து வேலை செய்பவருக்கும், இரவில் வைத்தியசாலைக்கு விரைபவருக்கும் மோட்டார் வண்டி அவசியம். கேள்வி அதுவன்று. அரைக் கட்டைத் தூரத்திலுள்ள கடையில் ஒரு தேங்காயும் ஒரு பிடி கறிவேப்பிலையும் வாங்கிவர இயந்திரத்தை முடுக்குவது எவ்வகை அவசியம் என்பதே கேள்வி. இதற்கு 2022ஆம் ஆண்டு ஒரு விடை அளித்தது. அவ்வாண்டு ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. பின்னர் கியூஆர் குறியீட்டு முறையிற் பங்கீடு வந்தது. கொட்டிலின் மூலையிலே துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மீண்டும் தெருவுக்கு வந்தன. புதிய சைக்கிளின் விலையோ வேகமாக ஏறிற்று. ஆனால், வண்டி திரும்பி வந்ததேயன்றிச் சுமையேற்றும் அறிவு திரும்பி வரவில்லை. இரண்டு கைபிடியிலும் பொலித்தீன் பைகளைத் தொங்கவிட்டு, முழங்கால் பையில் இடிபட, கம்பிகளுக்குள் பை சிக்கிவிடுமோ என்ற அச்சத்தோடு மிதித்தோர் பலர். 2023 செப்ரெம்பரில் பங்கீட்டு முறை நீங்கியதும் பெரும்பாலானோர் பழைய வழக்கத்துக்கே மீண்டனர். நெருக்கடியிற் கற்றதை நெருக்கடியோடு கைவிடும் இவ்வியல்புக்குச் சோம்பல் மட்டும் காரணமாகாது.

உண்மைக் காரணம் சமுதாய அமைப்பிலே உள்ளது. யாழ்ப்பாணத்து நிலவுடைமைச் சமுதாயத்தில், தன் சுமையைப் பிறர் சுமக்கச் செய்வதே மதிப்பின் அடையாளமாக இருந்தது. சுமப்பவர் இன்ன சாதியினர், சுமக்கப்படுவோர் இன்ன சாதியினர் என்ற பாகுபாடு, 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த அளவுக்கு இறுகியிருந்த ஓர் அமைப்பின் பகுதியாகும். அச்சமுதாயத்திலே சைக்கிள் நுழைந்தபோது அதுவும் இரண்டாகப் பிரிந்தது. எழுதுவினைஞரின் சைக்கிள் ஒன்று; அதன் பின்தட்டாகிய கரியரில் ஒரு கோவையோ மதிய உணவோ இருக்கும். தவறணைக்குக் கள்ளுக் கொண்டுசெல்பவரின் சைக்கிள், கரையிலிருந்து மீன் கொண்டுவருபவரின் சைக்கிள் மற்றொன்று. முன்னது வாகனம் எனப்பட்டது. பின்னது தொழிற்கருவி எனப்பட்டது. இன்றைய மத்தியதர வர்க்கத்தினர் சாதி பேசுவதில்லை எனக் கூறிக்கொள்கின்றனர். ஆனால், ஓர் ஆசிரியரோ அலுவலரோ அரிசி மூடையைச் சைக்கிளிற் கட்டி வந்தால் ‘என்ன, வண்டி பழுதோ?’ என்ற வினா எழாமல் விடுவதில்லை. பழைய பாகுபாடு புதிய வினாவுக்குள் ஒளிந்துள்ளது.

இந்த இழிவெண்ணத்தின் விளைவு தொழில்நுட்பத்திலும் தெரிகிறது. மதிப்பில்லாத வேலைக்கு நல்ல கருவி செய்ய எவரும் முனைவதில்லை. கீரிமலை என்ற பெயரிலன்றி மலையே இல்லாத குடாநாட்டிலே, இளைஞருக்கு ‘மலைச் சைக்கிள்’ விற்கப்படுகிறது. அதிற் கரியர் இல்லை; சங்கிலிக்கு மூடியில்லை; பாரத்தோடு நிமிர்ந்து நிற்கவல்ல நிறுத்துகாலும் இல்லை. பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 15 மீற்றர் உயரத்தைத் தாண்டாத இச்சுண்ணக்கற் சமதரைக்குப் பல கியர்களைவிட ஓர் உறுதியான கரியர் பயனுடையது என்பதை விற்பவர் கூறுவதில்லை, வாங்குபவர் கேட்பதுமில்லை.

சுமையேற்றுவதற்கு அடிப்படையான விதிகள் சிலவே. பாரம் தாழ இருத்தல் வேண்டும். உயர உயர வண்டி எளிதிற் சாயும். இரு புறமும் சமனாக இருத்தல் வேண்டும். ஒரு புறத்துப் பாரத்தை ஓட்டுபவரின் முதுகே ஈடுசெய்ய நேரும். கைபிடியிலே பாரத்தைத் தொங்கவிடலாகாது. அது திருப்பத்திற் கையை இழுக்கும். கட்டு அசையலாகாது, அசையும் 5 கிலோ, அசையாத 15 கிலோவிலும் தொல்லை தரும். ரயரிற் காற்று நிறைவாக இருத்தல் வேண்டும். இவற்றை வைத்து நோக்கின் தெரிவும் எளிதாகும். சிறு சாமான்களுக்கு முன்கூடை போதும். ஆயின் அதிற் கனத்தவற்றை இடலாகாது. அரிசி, மா, தேங்காய் போன்றவற்றுக்குக் கரியரின் இரு மருங்கும் தொங்கும் இணைப்பைகளே சிறந்தவை. மூடைக்கும் பெட்டிக்கும் கரியரின்மேல் ஒரு பலகையும் பழைய ரியூப்பிலிருந்து வெட்டிய வார்களும் வேண்டும். ஒரு சிறு குடும்பத்தின் கிழமைச் சாமான் பெரும்பாலும் 20 கிலோவை மிஞ்சாது. அதனைத் திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி, கொடிகாமம் ஆகிய சந்தைகளிலிருந்து அண்மைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்ல இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

இவ்விதிகளை எழுத்தில் தேடுபவர் அவற்றைத் தெருவிற் காணலாம். மீன் விற்பவர் பெட்டியைப் பலகைமீது வைத்து ரியூப் வாரால் இறுக்கியிருப்பார். தராசும் கத்தியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். கள்ளுக்கலன் கொண்டுசெல்பவர் இருபுறப் பாரத்தையும் சமப்படுத்தியே புறப்படுவார். மரக்கறி ஏற்றுபவர் கனத்த பூசணியைக் கீழும் கீரையை மேலும் வைப்பார். இது பௌதிக அறிவு. பயிற்சியால் விளைந்த அறிவு. திருநெல்வேலியிற் பல்கலைக்கழகமும் சந்தையும் அருகருகே உள்ளன. எனினும், ஒன்றின் அறிவு மற்றொன்றிற்குள் நுழைவதில்லை. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த இந்நிறுவனத்தைச் சுற்றி நாள்தோறும் நிகழும் இச்சுமைப் போக்குவரத்தை அறிவெனக் கருதாமை, ‘உடலுழைப்புக்கு மூளை தேவையில்லை’ என்னும் பழைய பொய்யின் தொடர்ச்சியே.

உலக அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 1954இல் தியன் பியன் பூ முற்றுகையின்போது வியட்நாமிய மக்கள் சாதாரணச் சைக்கிள்களைத் தாமே மாற்றியமைத்தனர். கைபிடியை நீட்ட ஒரு மூங்கிற் கழி, ஆசனத்தின் பின்னால் ஒரு கழி எனக் கட்டி, ஏறி ஓட்டாமல் தள்ளிச்சென்று, ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேற்பட்ட அரிசியையும் வெடிபொருளையும் மலைப்பாதைகளிற் கொண்டுசென்றனர். விமானங்களை நம்பிய பிரெஞ்சுப் படை அங்கு தோற்றது. இது போர்க்கால உதாரணம் என ஒதுக்குவோர் டென்மார்க்கை நோக்கலாம். யாழ்ப்பாணத்தைப் போலப் பெரும்பாலும் சமதரையாகிய அந்நாட்டில், முன்புறத்திற் பெரிய பெட்டி பொருத்திய சுமைச் சைக்கிள்கள் நெடுங்காலமாக வழக்கிலுள்ளன. 1984இல் கொப்பனேகனின் கிறிஸ்ரியானியாப் பகுதியில் உருவான மூன்று சில்லு வண்டியிலே செல்வரும் தம் பிள்ளைகளையும் சந்தைச் சாமானையும் ஏற்றிச் செல்கின்றனர். அங்கு மோட்டார் வாங்க வசதியற்றவரின் அடையாளமாக அவ்வண்டி கருதப்படுவதில்லை. இங்குள்ளோர் வெளிநாட்டுப் படத்தில் அதைக் கண்டால் வியக்கின்றனர்; உள்ளூர் மீன்வண்டியைக் கண்டால் ஒதுங்குகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வண்டியிலன்று, பார்ப்பவரின் கண்ணிலேயே உள்ளது.

எதிர்வாதங்களையும் பரிசீலித்தல் முறையாகும். வெயில் கடுமையானது என்பர். உண்மை, ஆயின் சந்தை கூடுவது காலையில். நேரம் வீணாகும் என்பர். இரண்டு கிலோமீற்றருக்கு மோட்டார் சைக்கிள் மிச்சப்படுத்தும் நேரம் சில நிமிடங்களே. அந்நிமிடங்களுக்காகச் செலுத்தும் தவணைப் பணத்தை ஈட்டச் செலவிடும் நேரத்தை எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. வீதி ஆபத்தானது என்பது மட்டுமே வலுவான வாதம். போருக்குப் பின் அகட்டிக் காபெற் இடப்பட்ட வீதிகளிற் பேருந்துகளும் சிற்றூர்திகளும் விரைகின்றன. சுமையோடு செல்லும் சைக்கிள் உடனே விலக இயலாது. ஆனால் இவ்வாதம் சைக்கிளுக்கு எதிரானதன்று. வீதியை அமைத்தோருக்கு எதிரானது. வேகத்துக்கு வீதி கொடுத்துச் சுமைக்கு ஓரம் கூடக் கொடாத திட்டமிடல் யாருக்காகச் செய்யப்பட்டது என்றே கேட்க வேண்டும்.

ஆகவே செய்யத்தக்கவை தெளிவானவை. கரியரும் உறுதியான நிறுத்துகாலும் இல்லாத சைக்கிளை வாங்க மறுத்தல் வேண்டும். சந்தைகளிலே பாரத்தோடு வண்டியை நிறுத்த நிழலான இடம் அமையுமாறு உள்ளூராட்சி மன்றங்களை வற்புறுத்தல் வேண்டும். முக்கிய வீதிகளின் இருமருங்கிலும் சைக்கிளுக்கு ஓரம் ஒதுக்கக் கோருதல் வேண்டும். பனை வளம் பற்றிப் பேசுவோர் அதன் பயனையும் விரித்துக்காணல் வேண்டும். பனையோலை உமலும் கடகமும் பொலித்தீனுக்கு முன்பே குடாநாட்டின் சந்தைச் சாமானைச் சுமந்தவை. 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவகமும், கரியரின் இருபுறமும் பொருந்தும் உறுதியான ஓலை இணைப்பைகளை வடிவமைத்தல் ஆகாத காரியமன்று. உல்லாசப் பயணிக்கு விற்கும் அலங்காரப் பையோடு ஓலை இழைப்பவரின் சந்தை முடிந்துவிட வேண்டியதில்லை. நாள்தோறும் அயலாரே வாங்கும் பையே அவருக்கு நிலையான வருவாய்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக நிகழ வேண்டியது மனமாற்றம். அது மேடையிற் பேசுவதால் வராது, காண்பதால் வரும். விரிவுரையாளரும் மாணவரும் தம் அரிசியையும் மரக்கறியையும் தம் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு பலாலி வீதியாற் செல்வது வழக்கமாகுமாயின், மீன்பெட்டி கட்டியவரோடு அவர்கள் ஒரே வீதியை மட்டுமன்றி ஒரே மதிப்பையும் பகிர்ந்துகொள்வர். அவ்வீதி பாதுகாப்பாக இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கையும் அப்போது ஏழையின் முறைப்பாடாக ஒதுக்கப்படாது. ஊரின் கோரிக்கையாக எழும். தன் சுமையைத் தானே சுமக்க நாணும் சமுதாயம் அதனை எப்போதும் பிறர் முதுகிலோ கடன்பத்திரத்திலோதான் ஏற்றிவைக்கும். நாணத் தகுவது சுமையன்று. அதனை இழிவென்று கற்பித்த நெறியே.