கருணை வேறு, கணக்கு வேறு

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், ஒரு மாலை வேளையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் இருந்தது மடித்த காகிதம் ஒன்றுதான்.

"மாமா, நாளைக்கு அப்பாவை இதிலே கையெழுத்துப் போடச் சொல்லியிருக்காங்க. போட்டா தீபாவளிச் செலவுக்கு உடனே ஆயிரம் வெள்ளி கிடைக்குமாம். போடலாமா?"

காகிதம் மலாய் மொழியில் இருந்தது. "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்பதுதான் அதன் சாரம். அவளுடைய தகப்பனாருக்கு வயது 52. அந்தத் தோட்டத்தில் 19 ஆண்டுகளாகச் செம்பனைக் குலை அறுக்கிறவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டுவிட்டது என்பது ஊருக்கே தெரியும். இதில் அவருடைய சொந்த விருப்பம் எங்கிருந்து வந்தது?

"கிராணி நல்லவர்தான் மாமா. பண்டிகை நேரத்திலே பிள்ளைங்க வாடக்கூடாதுன்னுதான் இந்தப் பணத்தைக் கேட்டு வாங்கித் தர்றேன்னு சொன்னார்."

நல்லவராகவே இருக்கட்டும். ஆனால், கருணை வேறு, கணக்கு வேறு. அன்று அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இன்று உங்களுக்கும் சொல்கிறேன். இதே காகிதம் நாளை உங்கள் வாசலுக்கும் வரலாம்.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 1980இல் வேலை நிறுத்தச் சலுகை விதிகள் வந்தன. மாதம் 4,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளக்காரர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. வேலையாளின் குற்றம் எதுவுமில்லாமல், ஆட்குறைப்பாலோ தோட்டம் மூடப்படுவதாலோ வேலை போனால், ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள்.

அவளுடைய தகப்பனாருக்கு 19 ஆண்டு. இருபதால் பெருக்கினால் 380 நாள் சம்பளம். கடைசி 12 மாதச் சராசரியில் நாளுக்கு 65 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 24,700 வெள்ளி! நோட்டீஸ் காலச் சம்பளம் இதில் சேராது, அது தனி. ஆயிரம் வெள்ளி அன்பளிப்புக்காக அவர் எதைக் கைநழுவ விட இருந்தார், பார்த்தீர்களா?

ஏனென்றால், தானாக விலகியவருக்கு இந்தச் சலுகை கிடையாது. சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டமும் அப்படித்தான். 2018இல் தொடங்கிய அத்திட்டத்தில், வேலை இழந்தவருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சில மாதங்களுக்குக் கொடுக்கிறார்கள். தானாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்தக் கதவும் மூடிக்கொள்ளும். ஒரு கையெழுத்தில் இரண்டும் போய்விடும்.

நோட்டீஸ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேறு காலம் எழுதியிராவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், ஐந்து ஆண்டுக்கு மேல் 8 வாரம். ஆட்குறைப்பு, தோட்ட விற்பனை போன்ற காரணங்களுக்கு ஒப்பந்தத்தில் எது எழுதியிருந்தாலும் இந்த அளவுக்குக் குறையக்கூடாது. எழுத்தில் கொடுக்கவேண்டும். நோட்டீஸ் கொடுக்காமல் நிறுத்தினால் அத்தனை வாரச் சம்பளத்தையும் கொடுக்கவேண்டும். 8 வார நோட்டீஸ் என்றால், மூன்று வாரத்தில் வரும் தீபாவளியன்று அந்த மனிதர் இன்னும் சம்பளம் வாங்கும் தொழிலாளிதான்!

தோட்டம் கைமாறும்போது, புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வந்தால் அது வேறு விஷயம். வீடு கட்ட வாங்கியவர் குலை அறுக்கிறவருக்கு என்ன வேலை கொடுப்பார்? அப்போது பழைய முதலாளிதான் கணக்கைத் தீர்க்கவேண்டும். வேலை முடியும் நாளில் உழைத்த சம்பளம், அதிலிருந்து 7 நாட்களுக்குள் சலுகைத் தொகை. கூட்டு ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தக் கூடுதல்தான் செல்லும்.

தோட்டம் முழுவதும் மூடாமல் ஆட்களை மட்டும் குறைக்கிறார்களா? அப்படியானால், அதே வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்துக்கொண்டு உள்நாட்டவரை முதலில் நிறுத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதையும் கேளுங்கள்.

ஆகவே, சகோதர சகோதரிகளே, புரியாத காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சம்பளச் சீட்டுகளையும் வேலைக்குச் சேர்ந்த கடிதத்தையும் பழைய பிஸ்கட் டின்னிலாவது போட்டுப் பத்திரப்படுத்துங்கள். நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் நோட்டீஸ் காலத்தின் நடுவில் வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள். பணம் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. காப்புறுதித் திட்டத்துக்கு வேலை இழந்த 60 நாட்களுக்குள் மனுச் செய்யவேண்டும். வற்புறுத்தலுக்குப் பயந்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனம் உடைய வேண்டாம். மிரட்டி வாங்கிய விலகல் கடிதத்தை வேலை நீக்கமாகவே கருத இடமுண்டு. 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போய்விடவேண்டும். நாள் தவறினால் வாய்ப்பும் தவறும்.

இந்தப் பக்கத்தைக் கிராணிமாரும் மண்டோர்களும் பட்டணத்தில் நாலு பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களும் படிக்கிறார்கள் என்று அறிவேன். அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

பண்டிகைக்கு முன் ஆளை நிறுத்தக்கூடாது என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. சட்டத்துக்குத் தீபாவளியும் தெரியாது, நோன்புப் பெருநாளும் தெரியாது. நாட்காட்டியைப் பார்க்கவேண்டியவர்கள் நீங்கள்தான். முடிவு மேலிடத்தில் எடுத்ததாக இருக்கலாம். அதைச் சொல்லும் விதம் உங்கள் கையில் இருக்கிறது. பெரட்டுக் களத்தில் நாலு பேர் நடுவே பெயரைப் படித்துக் காகிதத்தை நீட்டாதீர்கள். தனியே உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள். எந்த நாளில் எவ்வளவு பணம் வரும், வீட்டில் எதுவரை இருக்கலாம் என்பதை எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் மட்டுமாவது வீட்டை விட்டுவைக்கக் கேட்டுப் பாருங்கள். ஆட்குறைப்பு விவரத்தைத் தொழிலாளர் இலாகாவுக்கு 30 நாள் முன்பே பாரத்தில் தெரிவிப்பதும் நிர்வாகத்தின் கடமை.

1975இல் அரசாங்கமும் முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்ட தொழிலியல் நல்லிணக்க நன்னடத்தைக் கோவை ஒன்று உண்டு. முடிந்தவரை முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரேயடியாக அல்லாமல் கட்டம் கட்டமாகக் குறையுங்கள், வேறு வேலை தேட உதவுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது சட்டமல்ல என்றாலும், தொழிலியல் நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளலாம். அன்பளிப்புக் கொடுக்க மனம் வந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் சேரவேண்டியதைக் கொடுத்த பிறகு, அதற்கு மேலே கொடுங்கள்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் கையெழுத்துப் போடவில்லை. சங்கக் கிளைச் செயலாளரோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போய் வந்தார். அவரோடு வேலை செய்த இன்னும் பதினொரு பேரும் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து எட்டு வார நோட்டீஸ் முறையாக வந்தது. வேலை போனது போனதுதான். லயத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த இடத்தை விட்டுப் போகிற துக்கமும் தீரவில்லை.

தீபாவளியன்று காலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். புதுச்சட்டை இல்லை, துவைத்த சட்டைதான். "இந்த வருஷம் பிள்ளைங்களுக்கு மட்டும் துணி எடுத்தேன்" என்றார். பட்டணத்தில் வீட்டு முன்பணத்துக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று என்னைக் கேட்டார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். போட்டுப் பார்க்க அவர் கையில் ஒரு கணக்கு இருந்தது. எனக்கு அது போதும்.