பாத்ரூமை உடைக்கிறதுக்கு முன்னாடி மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க

போன வருஷம் ஒரு நாள் அப்பா போன் பண்ணி, "ஒரு லட்சம் எஃப்டியை இப்ப உடைச்சா எவ்வளவு பிடிப்பாங்கப்பா?"ன்னு கேட்டார். எஃப்டியை உடைக்கிற ஆளே இல்லை அவர். ரெண்டு மூணு தடவை கேட்டதுக்கு அப்புறம்தான் விஷயம் வந்துச்சு. ஊர்ல வீட்டு டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணா தண்ணி இறங்கலை. குடகுடன்னு சத்தம், வீடு முழுக்க நாத்தம். மூணு மாசமா இப்படித்தான்.

முதல்ல "டேங்க் நிரம்பிடுச்சு"ன்னு லாரி வரவழைச்சு 3,000 ரூபாய் கொடுத்திருக்கார். ரெண்டு நாள் சரியா இருந்துச்சு, மறுபடி அதே கதை. அடுத்து வந்த கான்ட்ராக்டர் ஒரு பக்கெட் தண்ணி கூட ஊத்திப் பார்க்கலை. "லைனே போச்சு சார், தரையை உடைச்சுப் புது பைப், புது க்ளோசெட் போடணும்"னு 78,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்துட்டார்.

அந்த வாரமே ஊருக்குப் போனேன். அம்மா தனியா கூப்பிட்டுச் சொன்னாங்க: "ராத்திரி எழுந்திருக்க வேண்டி வரும்னு அப்பா சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்லை." சுகர் இருக்கிற மனுஷன். எனக்கு 78,000 மறந்தே போச்சு.

தெரிஞ்ச ஒரு பழைய பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "லாரி வந்தப்புறம் நல்லா இருந்த அந்த ரெண்டு நாளும் டேங்க் மூடியைப் பூசியிருந்தீங்களா ஐயா?" பூசலை. மூணாவது நாள்தான் சிமெண்ட் பூசியிருக்காங்க. உடனே அவர் மொட்டை மாடிக்கு ஏறிட்டார். கூல் டைல்ஸ் ஒட்டினப்ப, மழைத்தண்ணி இறங்கக் கூடாதுன்னு மேஸ்திரி வென்ட் பைப் தலையில ஒரு எண்ட் கேப்பை மாட்டி வச்சிருக்கார். அதைக் கழட்டி, கௌல் மூடி வச்சு, கொசுவலை கட்டினார். தண்ணி சர்ருன்னு இறங்கிடுச்சு. அவர் கேட்ட கூலி 500 ரூபாய்.

எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் திக்கித் திக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா சீரா ஊத்தும். வென்ட் பைப் அந்த ரெண்டாவது ஓட்டை. தண்ணி போகணும்னா காத்துக்கும் வழி வேணும்.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். கணக்கு எழுதுறவரே அதை ஆடிட் பண்ணக் கூடாதுங்கிறது எங்க தொழில்ல அடிப்படை விதி. இன்சூரன்ஸ் விக்கிறவர்கிட்டயே "எனக்கு எது நல்லது?"ன்னு கேக்காதீங்கன்னு சேனல்ல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! வீட்டு ரிப்பேருக்கும் அதே விதிதான். உடைச்சுக் கட்டினாத்தான் வருமானம்னு இருக்கிறவர்கிட்ட காரணம் கேட்டா, உடைக்கணும்னுதான் பதில் வரும். "சும்மா பார்த்ததுக்கு 500 ரூபாயா?"ன்னு பேரம் பேசுற நாம, 78,000 எஸ்டிமேட்டுக்கு மட்டும் தலையாட்டிடுறோம். பார்த்துச் சொல்றதுக்குத் தனியா காசு கொடுங்க. வீட்டு ரிப்பேர்லயே லாபமான செலவு அதுதான்.

ஆளைக் கூப்பிடறதுக்கு முன்னாடி செலவே இல்லாம நீங்களே பார்க்கக்கூடியது:

1. ஒரு பக்கெட் தண்ணியை க்ளோசெட்ல வேகமா ஊத்துங்க. நல்லா இறங்கினா கோளாறு ஃப்ளஷ் டேங்க்லதான். வாஷர், ஃப்ளோட் மாத்தினாலே பெரும்பாலும் போதும்.

2. ஃப்ளஷ் டேங்க்ல கொஞ்சம் கேசரி பவுடர் கலந்து அரை மணி நேரம் விடுங்க. க்ளோசெட்ல நிறம் தெரிஞ்சா வாஷர் கசியுது.

3. அந்த ஒரு டாய்லெட் மட்டும் மந்தமா இருந்தா அடைப்பு அங்கேயேதான். பாத்ரூம் தரை ஜாலியிலயும் குமிழி, நாத்தம் வந்தா பொது லைனையும் வென்ட் பைப்பையும் பாருங்க. மூடி, பறவைக் கூடு, பிளாஸ்டிக் பை, எதுவும் அடைச்சிருக்கலாம். அபார்ட்மெண்ட்னா அது பொதுப் பைப், முதல்ல அசோசியேஷனுக்குச் சொல்லுங்க.

ரெண்டு எச்சரிக்கை. ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊத்தாதீங்க, விஷ வாயு வரும். செப்டிக் டேங்க்குக்குள்ள எந்த மனுஷனையும் இறக்காதீங்க. பாதுகாப்புக் கருவி இல்லாம இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். அதைவிட, அது ஒரு உயிர்.

சில வீடுகள்ல லைன் நிஜமாவே உடைஞ்சிருக்கும், அப்ப 78,000 நியாயமான செலவாவும் இருக்கலாம். அதுக்குத்தான் எமர்ஜென்சி ஃபண்ட்ல வீட்டுக்குன்னு ஒரு பங்கு வைக்கச் சொல்றேன். வாடகைக்கு விட்ட வீடுன்னா இன்னொன்னும் ஞாபகம் வச்சுக்கங்க: ரிப்பேருக்கு நீங்க 500 செலவு பண்ணாலும் 78,000 பண்ணாலும் வரியில கிடைக்கிறது அதே 30 சதவீதக் கழிவுதான். "டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அப்பாவோட எஃப்டி அப்படியே இருக்கு. அவரும் இப்ப ராத்திரி தண்ணி குடிக்கிறார். இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணா, பேங்க் பேலன்ஸோட சேர்த்து "பாத்ரூம்ல எல்லாம் சரியா இருக்கா?"ன்னும் கேளுங்க. அவங்களா சொல்ல மாட்டாங்க.