பூனையின் மலம் சொல்லும் சேதி

பூனை வளவு மூலையில் மண்ணைக் கிண்டி மலம் கழித்து, மூடிவிட்டுப் போய்விடும். நமக்கும் அது வசதி. குசினிக்குள் அசிங்கம் பண்ணினால் மட்டும் மூக்கைப் பொத்தி, அதை ஏசி, தண்ணீரூற்றிக் கழுவிவிடுகிறோம். சகோதரிகளே, இனிமேல் கழுவுவதற்கு முன் அரை நிமிடம் அதைப் பாருங்கள். வாய் பேசாத பிராணி தன் நோயை உங்களுக்குச் சொல்ல வேறு வழி அதிகமில்லை.

சுகமான பூனையின் மலம் கபில நிறமாக, உருண்டு திரண்டு இருக்கும். ஒரு நாள் இளகிப் போனால் பதற வேண்டாம். என்ன கொடுத்தோம் என்று முதலில் யோசியுங்கள். பூனைக்குப் பால் வைப்பது நம் வீடுகளில் மாறாத பழக்கம். ஆனால் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சீனிச்சத்து செமிப்பதில்லை. பாலை நிறுத்தியதும் வயிற்றோட்டம் நின்றுவிடுவதுண்டு.

தார் போலக் கறுத்து ஒட்டினால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ இரத்தம் கசிகிறது. சிவப்பாகத் தெரிந்தால் பெருங்குடலில் கோளாறு. குட்டி வாந்தியெடுத்து, இரத்தத்தோடு பேதியாகி, சுருண்டு கிடந்தால் நாளைக்குப் பார்ப்போம் என்றிருக்காதீர்கள். பன்லியுகோபீனியா என்ற வைரஸ் நோய் குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது.

அரிசி மணி போல ஒட்டியிருப்பவை நாடாப்புழுத் துண்டுகள். உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்குவதால் இது வருகிறது. தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் புழு திரும்பவும் வரும். இடியப்ப இழை போல நீண்டிருப்பது வட்டப்புழு. குட்டிகளுக்குத் தாய்ப்பால் வழியாகவே போய்விடும். (சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான் நம் ஊருக்கு முக்கியம். அது கொக்கிப்புழு. அதில் ஓர் இனத்துக்கு நம் நாட்டின் பெயரே இருக்கிறது: அன்கிலோஸ்டோமா சிலானிக்கம். இலங்கையில் கிடைத்த ஒரு மரநாயின் குடலிலிருந்து எடுத்த புழுவைப் பார்த்து, 1911இல் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதை விவரித்தார். பூனை, நாயில் மட்டுமல்ல, மனிதக் குடலிலும் அது வளரும். இதே லூஸ் முன்னர் கெய்ரோவில் ஆராய்ச்சி செய்தபோது கொக்கிப்புழுக் குஞ்சுகள் இருந்த நீர் அவர் கையில் சிந்தியது. தோல் சிவந்து அரித்தது. பிறகு தன் மலத்தையே பரிசோதித்து, அதில் புழு முட்டைகளைக் கண்டார். புழு தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் என்பது அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நம் கரையோர வளவுகள் மணல் வளவுகள். நிழலும் ஈரமுமான மணல் இந்தப் புழுக்குஞ்சுகளுக்கு நல்ல வாசஸ்தலம். அங்கேதான் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள். பிள்ளையின் பாதத்தில் அரிப்போடு வளைந்து வளைந்து கோடு ஓடினால் டொக்டரிடம் காட்டுங்கள். பூனையின் முரசு வெளிறி, மலம் கறுத்திருந்தால் அதற்கும் இந்தப் புழு இருக்கலாம்.

கர்ப்பமாயிருக்கும் சகோதரிகள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். வீட்டில் வேறொருவர் அள்ளட்டும். டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. மலத்தோடு வெளியேறியதும் அது உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது செல்லும். ஆகையால் அன்றன்றே அள்ளிவிட வேண்டும். இதற்காகப் பூனையை விரட்டத் தேவையில்லை. சரியாக வேகாத இறைச்சியாலும் கழுவாத கீரையாலும் இதே கிருமி வரும்.

கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்கியும் ஒன்றும் வராவிட்டால் மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் பருக்காதீர்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். எந்த வருத்தத்துக்கும் பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

மிருக வைத்தியரிடம் போகும்போது அன்று கழித்த மலத்தில் ஒரு தேக்கரண்டியளவு, மூடியுள்ள சிறு போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். நுணுக்குக்காட்டியில் முட்டைகளைப் பார்த்துச் சரியான மருந்தைத் தருவார். வெயிலில் காய்ந்ததும் எறும்பு மொய்த்ததும் உதவாது.