காரணத்தைப் பிறகு தேடலாம்



பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் விருதுநகர். தன் பிள்ளையின் கையில் வெடிமருந்து ஒட்டக் கூடாது என்று, பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய்ப் படிக்கவைத்த பெற்றோர் ஈட்டிய பெருமை அது. அப்படி ஒரு வீட்டில், நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று தூங்க மறுக்கிறது, கதவைச் சாத்திக்கொள்கிறது, யாரோ திட்டுவது காதில் கேட்கிறது என்று அழுகிறது. பெற்றவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

“காத்து கருப்பு அடிச்சிருக்கும்” என்பார் ஒருவர். “வளர்த்த விதம் அப்படி” என்பார் இன்னொருவர். எதனால் வந்தது, யாரால் வந்தது என்று தேடுவதிலேயே மாதங்கள் கரைந்துவிடும். மனநோய்களில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன. எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ, அவ்வளவு நன்றாகப் பிள்ளை தேறும். தீக்காயம் பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும் சிவகாசியில், தீ எப்படிப் பிடித்தது என்று யாரும் நின்று விசாரிப்பதில்லை. அதே வேகம் இங்கும் வேண்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம்.

இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள். மாத்திரையும் கூடவே நடக்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேரை இழந்தோம். அதே ஏர்வாடி தர்காவில் பின்னர் பிரார்த்தனையோடு மருந்தும் தரும் அரசுத் திட்டம் வந்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது.

மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகலாம். பிள்ளை தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதன் காதில் கேட்கும் குரல் பொய் என்று வாதாடாதீர்கள். பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லுங்கள். சாக வேண்டும் என்று சொன்னால் அதட்டாதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரவுக் காவலைக் கணவனும் மனைவியும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் தூங்க வேண்டும்.

இந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். என்ன ஆயிற்று என்று துருவாதீர்கள். அந்தத் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, நீங்களும் கூடப் போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்