சாம்பலுக்கும் சோதனை வேண்டும்

குப்பையைக் கொளுத்திவிட்டால் தொல்லை ஒழிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். தீயில் இட்டதெல்லாம் தூய்மை அடையும் என்னும் பழைய நம்பிக்கை அவ்வளவு எளிதில் நம்மை விட்டுப் போகுமா? ஆனால் தீக்கும் ஓர் எல்லை உண்டு. தாளையும் துணியையும் அது தின்னும்; காரீயத்தையும் காட்மியத்தையும் தின்ன அதனால் இயலாது. நகரக் குப்பையை எரி உலையில் இட்டால் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது. எடையிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சுகிறது. குப்பை முழுவதும் பரவிக் கிடந்த உலோகங்கள் அந்தச் சிறு குவியலில் செறிந்துவிடுகின்றன.

இங்கிலாந்தில் நியூகாசில் நகரின் பைக்கர் பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். அங்கிருந்த எரி உலையின் சாம்பல், 1994 முதல் 1999 வரை, ஏறத்தாழ 2,000 டன், நடைபாதைகளிலும் மக்கள் காய்கறி பயிரிடும் சிறு தோட்டங்களின் பாதைகளிலும் பரப்பப்பட்டது. பின்னர்தான் அதனைச் சோதித்தார்கள். கன உலோகங்களும் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் வெளிப்பட்டன. அத்தோட்டங்களில் வளர்ந்த கோழிகளின் முட்டையை உண்ண வேண்டாம் என்று மக்களுக்குச் சொல்ல நேர்ந்தது. 2002இல் நகர மன்றத்துக்கும் உலையை நடத்திய நிறுவனத்துக்கும் நீதிமன்றம் அபராதம் விதித்தது. முதலில் பரப்பினார்கள், பிறகு சோதித்தார்கள்! இந்த வரிசையைத்தான் நான் எதிர்க்கின்றேன்.

சோதிக்க வழி இல்லையா என்றால், உண்டு. எக்ஸ் கதிர் ஒரு பொருளின்மீது பட்டால் அணுவின் உட்கூட்டில் உள்ள எலக்ட்ரான் வெளியே தள்ளப்படுகிறது. அவ்விடத்தை மற்றோர் எலக்ட்ரான் வந்து நிரப்பும்போது புதிய எக்ஸ் கதிர் ஒன்று பிறக்கிறது. அதன் ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தன்மை உடையது. 1913இல் இதனை ஒழுங்குபடுத்திக் காட்டிய மோஸ்லி, 1915இல் கல்லிப்போலிப் போர்க்களத்தில் தம் 27ஆம் வயதில் மாண்டார். போரும் ஒரு எரி உலைதான்! அவர் கண்ட விதியால் இயங்கும் கருவி இன்று கையில் ஏந்தும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. சில நிமிடங்களில் விடை சொல்கிறது.

உலையின் அடியில் சேரும் சாம்பல் வேறு, புகையோடு பறந்து வடிகட்டியில் சிக்கும் சாம்பல் வேறு. துத்தநாகம், காரீயம், காட்மியம் ஆகியவை வெப்பத்தில் ஆவியாகிப் பறக்கும் சாம்பலின்மீதே பெரிதும் படிகின்றன. பைக்கரில் இவ்விரண்டும் கலந்தே வெளியேறின. ஒவ்வொரு சுமையையும் கருவியில் காட்டியிருந்தால், துத்தநாகமும் காரீயமும் மிகுந்திருப்பது தெரிந்து கலப்பு அப்போதே புலப்பட்டிருக்கும்.

இக்கருவி எல்லாவற்றையும் காணும் என்று நான் சொல்லவில்லை. அணுக்களை அறியுமே தவிர மூலக்கூறுகளை அறியாது. ஆகவே டையாக்சின் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். மொத்தக் காரீயம் எவ்வளவு என்று சொல்லும்; மழைநீரில் கரைந்து கிணற்றைச் சேரும் காரீயம் எவ்வளவு என்று சொல்லாது. அதற்குக் கரைசல் சோதனை வேண்டும். அமெரிக்க முறையில் சாம்பலை அமில நீரில் இட்டு 18 மணி நேரம் சுழற்றுகின்றனர். மேலும், ஆர்செனிக்கின் முதன்மையான கோடும் காரீயத்தின் ஒரு கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன. பொத்தானை அழுத்தத் தெரிந்தவர் மட்டும் போதாது, இயற்பியல் படித்தவர் வேண்டும். (வேலை தேடும் நம் பட்டதாரிகள் கவனிக்க!)

எனவே இதனை வாயிற்காவலாக வைப்போம். ஐயத்துக்குரிய சுமையைப் பிரித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே அதன் பணி. குவியலின் பல இடங்களிலிருந்து எடுத்து, உலர்த்தி, பொடித்துச் சோதிக்க வேண்டும். மேலாக ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டுவது கண்துடைப்பு. செலவு மிகுதி என்பார்கள். பரப்பிய சாம்பலைத் தோண்டி அள்ளும் கூலியோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சோதிப்பவர் உலையை நடத்துபவரிடம் சம்பளம் வாங்குபவராக இருத்தல் கூடாது. முடிவு வரும்வரை லாரி வாயிலைத் தாண்டக் கூடாது. அந்த முடிவை, தேதியோடும் சுமை எண்ணோடும், ஊரார் படிக்கும்படி உலையின் வாயிற்பலகையில் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும்.