16 கிலோமீட்டருக்கு அப்பால்



கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களுக்கென்று அவசரகாலத் திட்டம் உண்டு. அவ்வப்போது ஒத்திகையும் நடக்கும். திண்டிவனம் அங்கிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல், விழுப்புரம் ஏறக்குறைய 100. "நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும்.

2004 சுனாமியில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அந்த நம்பிக்கையோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் என்றாவது ஒருநாள் அங்குள்ளவர்கள் தெற்கே கிளம்ப நேர்ந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்துக்கும், ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்துக்கும்தான் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும். நம்முடைய வேலை ஓடுவதல்ல, வருகிறவர்களுக்கு இடம் கொடுப்பது.

அதற்குச் சாலை திறந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் மழையின்போது அரசூரில் நெடுஞ்சாலையையே வெள்ளம் மறித்ததைப் பார்த்தோம். வேடிக்கை பார்க்கும் வண்டிகளும் வாட்ஸ்அப் வதந்திகளும் அதே வேலையைச் செய்யும்.

மனமும் திறந்திருக்க வேண்டும். 2011 புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் வெளியூர் போன பிள்ளைகள் சிலரைப் புதிய பள்ளிகளில் கேலி செய்து ஒதுக்கினார்கள். கதிர்வீச்சு தொற்றுநோய் அல்ல. உடம்பில் கதிரியக்கத் தூசு ஒட்டியிருந்தாலும், உடுத்திய துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் குளித்தால் பெரும்பாலும் போய்விடும். அப்புறம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

கறவை மாடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாட்டின் வழியே பாலுக்கு வரும். 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் பல குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்கு அந்தப் பால் முக்கியக் காரணம். புகுஷிமா விபத்துக்குப் பின் அண்டை மாகாணத்துக் கீரைக்கும் தடை போட்டார்கள். இந்த அயோடினின் வீரியம் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே அதிகாரிகள் நிறுத்தச் சொன்னால், அவர்கள் சொல்லும்வரை பாலையும் கீரையையும் விற்கவும் வேண்டாம், வீட்டில் பயன்படுத்தவும் வேண்டாம். கதிரியக்க அயோடின் தைராய்டில் சேராமல் தடுக்கும் அயோடின் மாத்திரையைச் சுகாதாரத் துறை சொன்னால் மட்டும் சாப்பிடுங்கள். புகுஷிமா செய்தி கேட்டு 2011இல் சீனாவில் அயோடின் உப்புக்குக் கடைகளில் முண்டியடித்தார்கள். உப்பில் உள்ள அயோடின் அந்தத் தடுப்புக்குப் போதவே போதாது.

ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் இவற்றைக் கேளுங்கள்: நம் ஊரில் எந்தப் பள்ளி, எந்தக் கல்யாண மண்டபம் நிவாரண முகாம்? சாவி யாரிடம்? ஜெனரேட்டர் ஓடுகிறதா? தண்ணீரும் கழிப்பறையும் எத்தனை பேருக்குப் போதும்? மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 ஆகிய எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் இதே ஏற்பாடுதான் உதவும். கிடைத்த பதிலை எங்களுக்கு எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்